ஆணி நிற்கும் இடம்

களை விரிப்பு வாங்கியவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஆணியைச் சுற்றியே வரும். எத்தனை ஆணி அடிப்பது, என்ன நீளம் வேண்டும், அடித்த ஆணி ஏன் கிளம்பிவிடுகிறது, ஆடி பிறந்ததும் ஓரம் ஏன் தூக்கிக்கொள்கிறது. கறுப்பில் பச்சைக் கோடு ஓடும் அந்த நெய்த விரிப்பை நர்சரிக்காரர்கள் ‘வீட் மேட்’ என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பொருத்தும் வளைந்த கம்பி ‘யு பின்’. விற்பவருக்கு இது இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கிற கைவேலைச் சந்தேகம். அதை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆணி நிலைக்காமல் போவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பலவற்றில் ஆணியின் மேல் குற்றமே இல்லை. மண் அசைகிறது, வேர் தடிக்கிறது, மண்புழு கிளறுகிறது, எரு வைப்பதற்காகத் தோட்டக்காரரே கிளறுகிறார். அசைவு ஓய்ந்த தரையில் அதே ஆணி பல வருடம் நிற்கிறது. ஆகவே விரிப்பை எப்படி இறுக்குவது என்பதற்கும் எங்கே விரிப்பது என்பதற்கும் விடை ஒன்றே என்பது என் வாதம். ஆணி நிலைக்கும் இடத்தில் விரிப்புக்கு வேலை உண்டு; மற்ற இடங்களில் அதை இறுக்கப் படும் பாடு வீண்.

விரிப்பின் வேலை வெளிச்சத்தை மறைப்பது. சிறு விதைகள் கொண்ட களைகளில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். இருட்டில் முளைத்துவிட்டவையும், விதைக்குள் இருக்கும் சொற்பச் சேமிப்பு தீருமுன் வெயிலை எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் வெளுத்துச் சாகும். இதற்காகப் பாலிபுரோப்பிலீன் பட்டைகளைப் பாய் முடைவதுபோல நெய்கிறார்கள். அதில் கலக்கும் கார்பன் கரி வெளிச்சத்தையும் தடுக்கிறது, புற ஊதாக் கதிரிலிருந்து பிளாஸ்டிக்கையும் காக்கிறது. கடையில் ‘எத்தனை ஜிஎஸ்எம்’ என்று கேட்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதைத்தான். 90 முதல் 130 வரை பரவலாகக் கிடைக்கிறது. இந்த நெய்த விரிப்போடு இன்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். ஒன்று, இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய, தொட்டால் துணிபோல் இருக்கும் நெய்யாத விரிப்பு. இன்னொன்று, காய்கறி வயலில் காணும் ‘மல்ச்சிங் ஷீட்’ எனப்படும் மெல்லிய பாலித்தீன் தாள். மூன்றும் களையைத் தடுக்கும்தான். ஆனால் அவை தரையோடு ஒட்டி நிற்கும் விதம் வேறு வேறு. ஒன்றுக்குச் சொன்ன யோசனையை இன்னொன்றில் செய்து பார்ப்பதால் பாதித் தொல்லை வருகிறது.

தாளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில்தான் விவசாயிகளுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எமரி எம்மர்ட் 1950களில் செய்த சோதனைகள் இந்த முறைக்கு முன்னோடி. இங்கே தேசிய அளவிலான ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், நிலப்போர்வை எனப்படும் இந்தத் தாளுக்கு ஹெக்டேருக்கு 32,000 ரூபாய் செலவு எனக் கணக்கிட்டு அதில் பாதியை மானியமாக வைத்தன. திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி வயலிலோ கிருஷ்ணகிரித் தக்காளித் தோட்டத்திலோ பாருங்கள்: மேட்டுப்பாத்தி, அதன்மேல் சொட்டுநீர்க் குழாய், அதற்கு மேல் 25 அல்லது 30 மைக்ரான் தாள். ஓர் ஆணியைக்கூடக் காண முடியாது. தாளின் இரு ஓரங்களும் பாத்தியின் அடிவாரத்தில் மண்ணுக்குள் புதைந்திருக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத் தாளைக் காற்று அசைக்காமல் வைத்திருப்பது அந்த ஒரு சாண் மண்தான். ஒரு பருவம் முடிந்ததும் தாளை உருவி எடுத்துவிட்டு, உழுது, புதிதாகப் பாத்தி போடுகிறார்கள். மண்ணை ஓயவிடாமல் வேலை வாங்கும் இடத்தில் விரிப்பு ஒரு பருவத்துக்கு மட்டுமே இருக்க முடியும் என்பதை வயல் கற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர் மட்டும் அதே உயிருள்ள பாத்தியில், ஐந்து வருடம் உழைக்கும் என்ற நம்பிக்கையில், கனமான விரிப்பைப் போட்டு நாலு மூலையில் ஆணி அடிக்கிறார்.

நாலு மூலை ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 100 ஜிஎஸ்எம் விரிப்பு ஒரு சதுர மீட்டர் 100 கிராம் எடை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன் வழியில் குறுக்கே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 6 கிலோ எடையளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு: 24 கிலோ. தரையோடு படிந்து கிடக்கும் வரை காற்று விரிப்பின் மேலே வழுக்கிப் போய்விடும். ஓரத்தில் ஓர் இடம் இரண்டு விரற்கடை தூக்கியிருந்தால் போதும்; அங்கே காற்று நுழைகிறது, விரிப்பு பாய்மரம்போல் உப்புகிறது, அடுத்த ஆணிக்கு இழுப்பு போகிறது. முதலில் கிளம்புவது எப்போதும் காற்று வரும் திசையில் உள்ள ஓர ஆணி, பிறகு அதன் பக்கத்து ஆணி, அப்படியே வரிசையாக, சட்டைப் பொத்தான்கள் கழல்வதைப்போல. நடுவில் அடித்தவை கடைசி வரை அசையாமல் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று இறங்கும் கோவை, பொள்ளாச்சிப் பக்கமும், ஆரல்வாய்மொழி வழியே இறங்கும் தென்கோடியிலும் இது ஆண்டுக்கு மூன்று மாதச் சோதனை. எனவே ஓரத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? தரையைக் கொத்தி, கல்லும் குச்சியும் பொறுக்கி, மட்டம் செய்து, கால் அழுந்தாத அளவுக்குத் திமிசு போட வேண்டும். குழி இருந்தால் விரிப்பு அங்கே தொங்கும், மேடு இருந்தால் அங்கே தேயும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, விரிப்பின் ஓரத்தை அதற்குள் மடக்கி, மண் தள்ளி மிதிக்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 15 சென்டிமீட்டர், சரிவான தரையில் 30 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். மேட்டுப் பக்கத்துத் துண்டு மேலே வரவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. மாற்றிப் போட்டால் முதல் மழையிலேயே வண்டலும் தண்ணீரும் மடிப்புக்குள் புகுந்துவிடும். வெட்டிய விளிம்பை உடனே தீபத்தில் காட்டியோ சூடேற்றிய கத்தியாலோ ஒட்டவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை பட்டையாகப் பிரியத் தொடங்கும். பிறகுதான் ஆணி. இரண்டு மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருளுக்கு, ஓரங்களில் அரை மீட்டருக்கு ஒன்று என இரு பக்கமும் சேர்த்து 200, நடுவில் மீட்டருக்கு ஒன்று என 50, இரு முனைகளுக்கும் பத்து. ஆக 260 ஆணி. சுருளோடு ஐம்பது ஆணி வாங்கி வந்து வேலையை முடிப்பவர்களின் விரிப்புதான் ஆடியில் பறக்கிறது. ஓரத்தைப் புதைத்தால் இதில் பாதி மிச்சமாகும். இத்தனையையும் எழுதுவது எளிது. செய்ய, 100 சதுர மீட்டருக்கு இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் வேலை இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு மண் தன் பங்குக்கு வருகிறது. செம்மண் சரளையில் மூன்று மில்லிமீட்டர்க் கம்பி உள்ளே போகாமல் வளையும். நாலு மில்லிமீட்டர் கனம் வேண்டும், அதற்கும் முன்னே கடப்பாறை நுனியால் துளை போட வேண்டும். ஆனால் ஒருமுறை இறங்கிவிட்டால் சரளை அதைக் கவ்விக்கொள்ளும். பூச்சில்லாத இரும்பானால் துரு ஏறி மண்ணோடு மண்ணாகப் பிடித்துக்கொள்ளும், நாகப்பூச்சுப் போட்ட பளபளப்பான கம்பியைவிட இந்த விஷயத்தில் அதுவே மேல். கடற்கரை மணலிலும் தேரி மணலிலும் இதற்கு நேர்மாறு: ஆறு அங்குல ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், அதேபோல் வெளியே வரும். அங்கே ஓர் அடி ஆணி தேவை, அதையும் நம்பாமல் ஓரத்தைப் புதைப்பதே வழி. எல்லாவற்றிலும் கடினமானது கரிசல். ஐப்பசி ஈரத்தில் கட்டைவிரலால் அழுத்தினாலே ஆணி உள்ளே போய்விடும். வேலை சுத்தமாக முடிந்ததாகத் தோன்றும். மாசியில் மண் சுருங்கத் தொடங்கும். பங்குனியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும்போது, ஆணியின் இரண்டு கால்களையும் சுற்றிச் சிறு வளையம்போல் இடைவெளி தெரியும். அதன் வளைவு விரிப்பைவிட்டு ஒரு விரற்கடை மேலே நிற்கும். வெறுங்காலோடு நடப்பவர் அதில் இடறுவார். அடுத்த மழையில் மண் ஊதி வெடிப்பு மூடும், கிளம்பிய ஆணி மட்டும் திரும்ப இறங்காது. எத்தனை ஆணி சேர்த்து அடித்தாலும் இந்த ஊதலையும் சுருங்கலையும் கரிசல் விடப்போவதில்லை. அது அந்த மண்ணின் இயல்பு, வளத்தின் ஒரு பகுதியும்கூட.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு ஆணியும் இரண்டு ஓட்டை போடுகிறது. 260 ஆணிக்கு 520 ஓட்டை. சாதாரணக் களைக்கு அது பொருட்டில்லை. கோரைக்குப் பொருட்டு. 1977இல் லிராய் ஹோமும் அவருடைய சகாக்களும் உலகின் மோசமான களைகளைத் தொகுத்த நூலில் முதலிடம் பெற்றது இந்தக் கோரைதான். இரண்டாமிடம் நம் அருகம்புல்லுக்கு. கோரையின் முளையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இறுகச் சுருண்டு, நுனி ஊசிபோல் கூர்ந்து, வெளிறிப்போய், உள்ளங்கையில் அழுத்தினால் உறுத்தும். அடியில் கிழங்கின் சேமிப்பு இருப்பதால் அவசரமும் கிடையாது. பாலித்தீன் தாளை அது நேராகவே குத்திக் கிழித்துக்கொண்டு வரும். கனத்த நெய்த விரிப்பில் அது முட்டி, மடங்கி, விரிப்பின் அடியிலேயே பக்கவாட்டில் நகர்ந்து, ஆணி போட்ட ஓட்டையைக் கண்டதும் தலை தூக்கும். சில மாதங்களில் ஆணி வரிசை எங்கே ஓடுகிறது என்று கோரையின் பச்சையே கோடு போட்டுக் காட்டும். அருகம்புல் வேறு உபாயம் செய்கிறது: அடியில் கொடியோடி ஓரத்துக்கு வந்து வெளியேறும், அல்லது பக்கத்துத் தரையிலிருந்து விரிப்பின் மேலேறிக் கணுவுக்குக் கணு வேரிறக்கும். ஆக, காற்றுக்காக ஆணியைக் கூட்டினால் கோரைக்கு வாசல் கூடுகிறது. இந்த முரணுக்கு ஆணிக்கடையில் தீர்வு கிடையாது. விரிக்குமுன் மண்ணில்தான் தேட வேண்டும்.

விரிப்பதற்கு முன்பே கோரையை ஒடுக்காதவர் விரிக்கவே கூடாது என்று நான் சொல்வேன். கோரைக்கிழங்கின் பலவீனம் வறட்சி. கோடை உழவில் மேலே புரண்டு வெயிலில் காய்ந்த கிழங்கு பிழைக்காது. வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியால் கிளறி, சித்திரை வெயிலில் இரண்டு வாரம் காயவிட்டு, கிழங்கைப் பொறுக்கிவிட்டு, மறுபடி கிளற வேண்டும். மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீனை நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்து வெயிலாலேயே வேக வைக்கும் முறையும் இருக்கிறது. இஸ்ரேலில் யாக்கோவ் காடனும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பரவலாக்கியது. நோய்க்கிருமிகளையும் பல களை விதைகளையும் அது ஒழிக்கும். கோரைக்கிழங்கை முழுதாக ஒழிக்காது. கறுப்புதான் சூடு பிடிக்கும் என்று எண்ணிக் கறுப்பு விரிப்பையே இதற்குப் போடுவது தவறு. கறுப்பு, வெப்பத்தைத் தன்னிடமே வாங்கிக்கொள்கிறது. ஒளி ஊடுருவும் தாள்தான் வெயிலை மண்ணுக்குள் விடுகிறது.

கீழிருந்து வருவதைத் தடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து வருவதற்கு என்ன செய்வது? எருக்கம்பஞ்சும், கிணற்றடிப்பூண்டின் பஞ்சு விதையும் காற்றில் மிதந்து வருபவை. 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்ட பிறகு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். நெய்த விரிப்பின் மேல் செம்மண் தூசியும் வேப்பஞ்சருகும் படிந்து, மழையில் நனைந்து, ஓராண்டில் ஒரு விரற்கடை மண்ணாகிவிடும். அதில் முளைத்தது பட்டை இடுக்கில் வேர்விட்டுக் கீழ் மண்ணைத் தொடும். பிடுங்கினால் விரிப்பும் சேர்ந்து எழும், ஆணியும் எழும். ஆகவே விரிப்பு உழைக்க வேண்டுமானால் அதன் மேல் வாரம் ஒருமுறை துடைப்பம் பட வேண்டும். துடைப்பம் போட முடிந்த தரை எது? நர்சரியில் தொட்டிகள் அடுக்கிய களம், பசுமைக்குடில் நடைபாதை, வீட்டைச் சுற்றிய வழி, தண்ணீர்த் தொட்டியடி, மாட்டுக்கொட்டகை முகப்பு. எல்லாம் மண்ணுக்கு வேலையில்லாத இடங்கள். இதோடு ஜல்லி பரப்பிய பாதையையும் சேர்க்கலாம். அரையங்குல ஜல்லியை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 75 கிலோ தேறும். முன் சொன்ன காற்றுக் கணக்கில் இதற்கு ஆணியே தேவையில்லை. ஜல்லி மண்ணுக்குள் அழுந்தாமல் பிரித்து வைப்பது அங்கே விரிப்பின் முதல் வேலை, களை தடுப்பது இரண்டாவதுதான். சாலைக்கடியில் துணி விரிக்கும் பொறியாளர்களின் நோக்கமும் இந்தப் பிரித்தல்தான். நர்சரியில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, என் தோட்டத்தில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே: நர்சரியில் செடி தொட்டியில் வளர்கிறது, விரிப்பின் கீழே எதுவும் வளரவேண்டியதில்லை.

செடி வளரும் பாத்தியில் நிலைமை வேறு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை விரிவாக்க அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட், மூடாக்குகள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 2007இல் ஒரே கட்டுரையில் மதிப்பிட்டார். நிரந்தரத் தோட்டத்துக்குச் செயற்கை விரிப்பைவிட மரச்சீவல் போன்ற கரடுமுரடான இயற்கை மூடாக்கே மேல் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவரும் கருத்து. அவர் சொல்வது மழை தூறிக்கொண்டே இருக்கும் குளிர்ப் பிரதேசத்துக்கு. அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் காட்டும் காரணங்களில் பல இங்கே இன்னும் கடுமையாகவே பொருந்துகின்றன. புதிதில் தண்ணீரை விடும் நெசவு, வண்டல் அடைத்த பிறகு தயங்கும். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது; தயங்கும் தரையில் அது ஓடிவிடும். பருவத்துக்கொரு முறை எரு வைத்து மண்ணணைத்துப் பழகிய தோட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஆணியைப் பிடுங்கி, விரிப்பைச் சுருட்டி, மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். மரத்தடியில் இன்னும் மோசம். காற்றையும் ஈரத்தையும் தேடி நுண்வேர்கள் விரிப்புக்கு நேர் கீழே படர்ந்து, நெசவுக்குள் நுழைந்துகொள்ளும். பின்னாளில் விரிப்பை எடுத்தால் வேரும் அறும். பப்பாளிக் கன்றுக்காகப் பெருக்கல் குறிபோல் வெட்டிய துளை, வருடம் திரும்புவதற்குள் தண்டின் கழுத்தைப் பிடித்திருக்கும்.

மறுப்புகளில் வலுவானது ஆள் பற்றாக்குறை. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுவதில்லை, விரிப்பு ஒருமுறைச் செலவு என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. புதிதாக மா, எலுமிச்சை நடுபவர் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் சதுரத்துக்கு மட்டும் விரித்தால் முதல் இரண்டு வருடம் பெரிய உதவி. கன்று களையோடு போட்டி போடும் காலமும் அதுவே. அந்தச் சின்னச் சதுரத்துக்கு எட்டு ஆணியோ, நாலு ஓரமும் மண்ணோ போதும், மூன்றாம் வருடம் கழற்றுவதும் எளிது. தோட்டம் முழுவதும் விரிப்பதை இது நியாயப்படுத்தாது. முழுத் தோட்டத்தில் முதலிரண்டு வருடம் மிச்சமான கூலி, மூன்றாம் வருடத்திலிருந்து மேலே முளைத்ததைப் பிடுங்குவதற்கும், கிளம்பிய ஆணியைத் தேடி அடிப்பதற்கும், ஒருநாள் எல்லாவற்றையும் உரித்தெடுப்பதற்கும் திரும்பக் கேட்கப்படும். ஆளில்லை என்பவருக்கு அந்த உரிக்கும் நாளில் மட்டும் ஆள் எங்கிருந்து வரும்?

அடுத்த மறுப்பு, சருகு மூடாக்கை எல்லோரும் புகழ்கிறார்கள், அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் மூடாக்கைத் தம் முறையின் தூண்களில் ஒன்றாக வைத்தார். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் அதைப் பேசினார். ஆனால் மேடையில் அளவு சொல்பவர்கள் குறைவு. களை அடங்கப் பத்து சென்டிமீட்டர் கனம் வேண்டும். 100 சதுர மீட்டருக்கு அது பத்து கன மீட்டர், குட்டியானை வண்டியில் நாலு நடை. நம் வெயிலிலும் ஈரத்திலும் அது ஆறேழு மாதத்தில் பாதியாகும், மறுபடி போட வேண்டும். கறையானும் ஒரு மெய்யான தொல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கரும்புச் சாகுபடிக் குறிப்பே, பார்மேல் 10 சென்டிமீட்டர் சோகை பரப்பச் சொல்லிவிட்டு, கறையான் உள்ள நிலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. கோரை சருகையும் ஊடுருவி வரும். இத்தனை குறையும் இருந்தும் சருகுப் பக்கம் சாய்வதற்கு எனக்கு இருக்கும் காரணம் ஒன்றுதான்: சருகு அசைவோடு ஒத்துப்போகிறது. மண் வெடித்தால் சருகு வெடிப்புக்குள் சரிகிறது, மண்புழு இழுத்தால் உள்ளே போகிறது, எரு வைக்கக் கையால் விலக்கலாம், அதனூடே வந்த கோரையைப் பிடித்திழுத்தால் கிழங்கோடு வருகிறது. பிடித்து நிறுத்த ஆணி கேட்பதில்லை. காற்றடிக்கும் ஊரில் மேலே நாலு தென்னை மட்டையை வைத்தால் தீர்ந்தது. தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பரப்பினால் கறையான் மரத்துக்கு ஏறும் வழியும் குறையும்.

சருகுக்கு வழியில்லாத நகரத்து மனைகளுக்கும், சருகு நிற்காத சரிவுகளுக்கும் தென்னைநார் விரிப்பு இடைவழியாகிறது. கயிறு வாரியம் ‘பூவஸ்திரா’ என்று பெயரிட்டிருக்கும் இந்தக் கயிற்றுவலையைக் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில் குளக்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் விரித்திருக்கிறார்கள். பிடிமானம் மூங்கில் முளை. களைக்காக என்றால் கண்ணியுள்ள வலை உதவாது, அடர்த்தியான நார்ப்பாய் வேண்டும். நாரில் லிக்னின் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மட்கும், இரண்டு மூன்று வருடம் தாங்கும். எனக்கு இதில் பிடித்தது அந்த மூங்கில் முளைதான். பாயும் முளையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மண்ணோடு போய்விடுகின்றன. பிடுங்க வேண்டியதும் இல்லை, துருப்பிடித்த கம்பி காலில் ஏறும் பயமும் இல்லை. விலை கூடுதல் என்பது உண்மை.

கழற்றும் நாளைப் பற்றி விற்கும்போது யாரும் பேசுவதில்லை. ஆனால் உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்திருக்கிறது. சீனாவில், குறிப்பாகச் சின்ஜியாங்கின் பருத்தி வயல்களில், எடுக்க முடியாமல் கிழிந்து மண்ணில் தங்கிய தாளை ‘வெள்ளை மாசு’ என்கிறார்கள். அங்கே 2017இல் திருத்திய தரநிர்ணயம் தாளின் குறைந்தபட்சத் தடிமனை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010க்கு உயர்த்தியதன் நோக்கம், திரும்ப எடுக்கும்போது கிழியாமல் வரவேண்டும் என்பதுதான். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் பிளாஸ்டிக் மூடாக்கை அனுமதிக்கின்றன, பருவ முடிவில் நிலத்திலிருந்து அகற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உலக உணவு வேளாண் நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பயிரிலும் கால்நடையிலும் ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுகிறது. நெய்த விரிப்பு தாளைவிடக் கனமானது, எடுப்பது எளிது என்பார்கள். புதிதில் சரி. வெயில் பட்ட மேற்பரப்பு சில வருடத்தில் மொரமொரப்பாகிவிடும், புதைந்த ஓரமோ இருட்டில் புதிதுபோலவே இருக்கும். இழுத்தால் வெயிலும் மண்ணும் சந்திக்கும் கோட்டில் கிழியும். ஓரம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், மேலே உள்ளது பட்டை பட்டையாகக் கையோடு வரும். துடைப்பம் பட்டுக் கிடந்த பாதையில் இதைப் பொறுக்கி எடுக்கலாம். கீரைப்பாத்தியில் முடியாது.

எனவே விரிப்பு வாங்கக் கிளம்புமுன் பத்து யு ஆணி மட்டும் வாங்குங்கள். விரிக்க நினைக்கும் இடத்தில் அவற்றை வெறும் மண்ணில் அடித்துவிட்டு, ஒரு நல்ல மழையும் அதன்பின் ஒரு மாத வெயிலும் போகட்டும். பிறகு இரண்டு விரலால் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பத்தில் எட்டு அசையாமல் நின்றால், அதைச் சுற்றிக் கோரையும் தலைகாட்டாமல் இருந்தால், சுருளை வாங்கி ஓரத்தைப் புதைத்து விரிக்கலாம். கையோடு வந்துவிட்டால் அந்த மண்ணில் இன்னும் உயிரோட்டம் இருக்கிறது; அங்கே தென்னை மட்டையையும் சருகையும் பரப்பிவிட்டு, ஆணிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.